பழைய லாரியில் காற்று விசிறி நின்றுவிட்டால்

பழைய லாரிகளில் காற்று விசிறியை ஓட்டும் மோட்டாருக்கு உண்டாகும் கோளாறுகளைப் பற்றி இன்று பேசுவோம். பட்டறையில் "புளோவர்" என்று சொல்கிறார்களே, அதுதான் இது.

வெப்பமான நம் நாட்டில் சூடான காற்று எதற்கு என்று கேட்கலாம். கேமரன் மலையில் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழையில் நனைந்த உடையோடு மூவர் லாரியின் முன்புறம் ஏறி உட்கார்ந்தால், அவர்களுடைய மூச்சிலும் துணியிலும் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் படிந்துவிடும். வெளியே வைப்பர் ஓடி என்ன பயன்? சாலை தெரியாது. எஞ்சினின் வெந்நீரால் சூடேறிய காற்றை விசிறி கண்ணாடிமேல் செலுத்தினால்தான் அந்த ஈரம் உலரும். தாப்பா நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் இது உயிரைக் காக்கும் கருவி.

மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ், சுவிட்சு, மின்தடை, மோட்டார் ஆகியவற்றின் வழியாகச் சென்று பேட்டரிக்கே திரும்ப வேண்டும். இந்தப் பாதையில் எங்கே தடை என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

விசிறி அடியோடு நின்றுவிட்டால் முதலில் பியூசைப் பார்ப்போம். அது நன்றாக இருந்தால், மோட்டாருக்குப் போகும் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு சிறிய பல்பை இணைப்போம். 24 வோல்ட் லாரிக்கு 24 வோல்ட் பல்பே வேண்டும். சாவியைத் திருப்பி, சுவிட்சை அதிக வேகத்தில் வைப்போம். பல்பு பளிச்சென எரிந்தால் பழுது மோட்டாரில். மங்கலாக எரிந்தால் எங்கோ இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் சுவிட்சையும் வயரையும் எர்த்து இணைப்பையும் சோதிக்க வேண்டும்.

அதிக வேகத்தில் மட்டும் விசிறி ஓடுகிறதா? மின்தடை எரிந்துபோயிருக்கும். அதிக வேகத்தில் மின்சாரம் அதன் வழியே போவதில்லை. மோட்டாரை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இந்த மின்தடையைக் குளிர வைப்பதும் விசிறியின் காற்றே. ஆகையால், காற்றுப் பாதையை அடைத்திருக்கும் இலை தழைகளையும் அகற்றினால்தான் புதியது நிலைக்கும்.

மோட்டாரை மெல்லத் தட்டினால் ஓடத் தொடங்குகிறது என்றால் உள்ளே இருக்கும் கார்பன் தேய்ந்துவிட்டது. கடகடவென்று சத்தம் வந்தால் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கலாம். கிரீச்சென்ற சத்தம் புஷ் தேய்ந்ததைக் காட்டும். கழற்றும் முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் வெந்நீர்க் குழாயைத் தொடக்கூடாது.

இனி மிக முக்கியமான செய்தி. பியூஸ் அடிக்கடி போகிறதென்று, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பவர்கள் உண்டு. 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் போடுபவர்களும் உண்டு. இது ஆபத்தான வேலை. 60 வாட் மோட்டார் 12 வோல்டில் 5 ஆம்பியரே எடுக்கும். 24 வோல்டில் இரண்டரை ஆம்பியர் போதும். அதுவே சுழல முடியாமல் இறுகிப்போனால் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அப்போது பியூஸ் தானே உருகி, பாதையைத் துண்டிக்கிறது. வெள்ளித்தாள் உருகாது, அதற்குப் பதிலாக வயர் காய்ந்து தீப்பிடிக்கும். பத்துக் காசு மிச்சம் பிடிக்கப் போய், லாரியையும் அதில் வருபவர்களையும் நெருப்புக்குக் கொடுக்கலாமா?

வழியில் விசிறி நின்றுவிட்டால் என்ன செய்வது? ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்து, சன்னலைச் சற்றுத் திறந்து வைப்போம். சாலை தெளிவாகத் தெரிந்த பிறகே புறப்படுவோம். "நேரமாகிறதே" என்று வீட்டிலுள்ளவர்களும் ஓட்டுபவரை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும்.

பியூசில் தொடங்கி மோட்டார் வரை வரிசையாகப் பார்ப்போம். பியூஸ் போனால் காரணத்தைத் தேடுவோம். இவ்விரண்டையும் மனத்தில் வைத்தால், பழைய லாரியும் நம்மைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.