வளரும் வயது காத்திருக்காது!

தென் மாவட்டங்களில் இருந்து வரும் ரெயில்கள் பலவும் பெருங்களத்தூர், தாம்பரம் வழியாகத்தான் சென்னைக்குள் நுழைகின்றன. வேலை தேடி வரும் பிள்ளைகள், வீட்டில் கோபித்துக்கொண்டு வரும் பிள்ளைகள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலருக்கும் இதுதான் வழி. வந்தவர்களில் சிலர் பிளாட்பாரத்திலேயே தங்கிவிடுகிறார்கள்.

இவர்களுக்குப் பசி மட்டும்தான் கஷ்டமா? இல்லை. பார்வைக்குத் தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு.

இரண்டாவது வளர்ச்சி

மனிதன் இரண்டு முறை வேகமாக வளர்கிறான். முதல் முறை, கைக்குழந்தைப் பருவத்தில். இரண்டாம் முறை, 10 வயதுக்கு மேல். பெண்பிள்ளைகள் 12 வயது வாக்கிலும், ஆண்பிள்ளைகள் 14 வயது வாக்கிலும் கிடுகிடுவென்று உயர்வார்கள். எடையும் மளமளவென்று கூடும். சில ஆண்டுகளில் எலும்பின் வளரும் முனை மூடிக்கொள்ளும். அதன் பிறகு பாலும் முட்டையும் கொடுத்தாலும் உயரம் கூடாது.

டீயும் பன்னும்

தெருவில் இருக்கும் பிள்ளைக்குச் சுலபமாகக் கிடைப்பது டீயும் பன்னும். பசி அடங்கும், சத்து சேராது. சாப்பாட்டோடு டீ குடித்தால், உணவில் உள்ள கொஞ்ச நஞ்ச இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. ரத்தம் குறைந்தால் சோகை வரும். சோகை வந்தால் களைப்பு, மயக்கம்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்குச் சோகை. ஆண்களில் 31 பேருக்கு. இது வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு. வீடே இல்லாத பிள்ளைகள் இதில் வரவில்லை.

ஊருக்கு அனுப்பினால் போதுமா?

நேபாளத் தலைநகர் காட்மாண்டுவில் வீடில்லாத சிறுவர்களின் உயரத்தையும் எடையையும் ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். 1996-ல் முடிவு வெளியானது. கிராமத்தில் வீட்டோடு வாழ்ந்த ஏழைச் சிறுவர்களை விட இவர்கள் மோசமாக இல்லை! வசதியான பள்ளிப் பிள்ளைகளை விடத்தான் பின்தங்கியிருந்தார்கள்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. பையனை ஊருக்கு அனுப்பினால் மட்டும் போதாது. அங்கே அவனுக்குச் சத்தான சாப்பாடும் கிடைக்க வேண்டும்.

சோறு இருக்கும் இடம்

நம் மாநிலத்தில் அதற்கு வழி இருக்கிறது. காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவு, இன்று அரசுப் பள்ளிகளில் 10-ம் வகுப்பு வரை முட்டையோடு கிடைக்கிறது. வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரையும் உண்டு. பள்ளிக்குப் போகாத சிறுமிகளுக்கு அந்த மாத்திரையை அங்கன்வாடியில் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. பள்ளிக்குப் போகாத பையனுக்கு அதுவும் இல்லை.

ஆகவே பள்ளிக்கூடம்தான் மருந்து. பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இல்லை என்று சொல்லி 14 வயது வரை உள்ள பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. இது 2009-ம் ஆண்டுச் சட்டம்.

நீங்கள் செய்யக்கூடியது

தனியாகத் தவிக்கும் பிள்ளையைப் பார்த்தால் 1098 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். இரவும் பகலும் பேசலாம். கட்டணம் கிடையாது. மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டு போக வேண்டும். தங்க இடமும் படிக்கப் பள்ளியும் ஏற்பாடு செய்வது அந்தக் குழுவின் பொறுப்பு.

ஒரு டீ வாங்கிக் கொடுப்பது நல்ல மனசுதான். அதோடு ஒரு டெலிபோனும் செய்யுங்கள்.