கல் நட்டால் மனையாகிவிடாது

அரூரிலிருந்து சேலம் சாலையிலோ ஊத்தங்கரை சாலையிலோ கொஞ்ச தூரம் போனால் போதும். மரவள்ளியும் மஞ்சளும் விளைந்த மேட்டுக்காட்டில் வெள்ளைக் கற்கள் வரிசை கட்டி நிற்கும். ஓரமாக ஒரு பந்தல், வண்ணக்கொடிகள், “முன்பணம் கட்டினால் போதும்” என்றொரு பலகை.

வாங்க வருகிறவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று போய்ச் சேர்த்த காசோடு ஊர் திரும்புகிறவர்கள். பிள்ளைகளின் படிப்புக்காகச் சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வருகிறவர்கள். அண்ணன் தம்பி மூவருக்கும் ஒரே வீடு போதாமல் தனிக்குடித்தனம் தேடுகிறவர்கள். கைக்கு எட்டும் விலை என்பதால்தான் அங்கீகாரம் இல்லாத மனை விற்றுப்போகிறது.

ஆபத்தும் அந்த விலையில்தான் இருக்கிறது. “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்பார் புரோக்கர். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் இருந்தால் அது மனைப்பிரிவு அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் உள்ள மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கொடுக்காத இடத்தில் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் எதைக் கேட்டாலும் ‘இது தனியார் நிலம்’ என்ற பதில்தான் வரும். வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம்.

இதில் 2016 ஒரு திருப்புமுனை. விளைநிலங்கள் மனைகளாவதை எதிர்த்து வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மாநிலமே ஸ்தம்பித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி வரன்முறை பெற வழி பிறந்தது. ஏரி, ஓடை, கோயில் நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு கண்ணியும் உண்டு. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு வழங்கிய பஞ்சமி நிலத்தைப் பிற சமூகத்தார் வாங்கினால் கிரயம் செல்லாது. பட்டா பெயர் மாறியிருந்தாலும் அதை நம்பிவிடக் கூடாது. ‘அ’ பதிவேட்டையும் பழைய ஆவணங்களையும் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலும், பட்டா, சிட்டாவை வருவாய்த்துறை தளத்திலும் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். புலப்படத்தை வைத்து நிலத்தை நேரில் அளந்து பார்க்க வேண்டும். மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் இருந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ‘ரெரா’வில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதே குற்றம்.

அப்படிப் பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க விற்பவருக்கு உரிமை இல்லை. சொன்ன தேதியில் மனையை ஒப்படைக்காவிட்டால், வேண்டாம் என்று விலகுகிறவருக்கு அவர் கட்டிய பணத்தை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். மறுத்தால் ஆணையத்தில் புகார் செய்யலாம். பணம் ஏமாற்றப்பட்டிருந்தால் காவல் நிலையப் புகாரும் தனியே கொடுக்கலாம். ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்காதவருக்கு எந்த இடத்திலும் வாதாடுவது சிரமம்.

சுத்தமான மனை வைத்திருப்பவருக்கு அரசு வழிகள் திறந்திருக்கின்றன. குடிசையில் வாழும் கிராமக் குடும்பங்களுக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம்.

ஆகவே, பந்தலில் தரும் குளிர்பானத்தைக் குடிப்பதற்கு முன் இரண்டு எண்களைக் கேளுங்கள்: மனைப்பிரிவு அனுமதி எண், ரெரா பதிவு எண். “அப்புறம் தர்றோம்” என்றால், அட்வான்ஸையும் அப்புறமே கொடுங்கள்.