சரிவுக்கு முதல் மருந்து வடிகால்

சபா மாநிலத்தின் ரானாவ் வட்டாரத்தில், கினபாலு மலைக்கு அருகே மாமுட் செப்புச் சுரங்கம் 1975ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை இயங்கியது. மலையைப் படிப்படியாக வெட்டிச் செம்புத் தாது எடுத்தார்கள். தங்கமும் வெள்ளியும் அதனுடன் கிடைத்தன. சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்தப் பெருங்குழி ஏரியாகிவிட்டது. பச்சையும் நீலமும் கலந்த அதன் நிறம் கண்ணைக் கவரும். ஆனால், அந்த நீர் அமிலத்தன்மை மிக்கது; உலோகங்கள் கரைந்தது.

சுரங்கத்தை மூடுவது என்றால் வாயிற்கதவைப் பூட்டுவது மட்டுமல்ல என்பதற்கு மாமுட் ஒரு பாடம். விட்டுச் சென்ற செங்குத்துச் சரிவுகளையும் லாரிப் பாதைகளையும் என்ன செய்வது என்பதே உண்மையான கேள்வி.

அமிலம் வருவது எப்படி?

இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் மலைக்குள் மூடிக் கிடக்கும் வரை தீங்கில்லை. பாறையை உடைத்ததும் காற்றும் மழைநீரும் அதன்மேல் படுகின்றன. கந்தக அமிலம் உண்டாகிறது. அமிலத்தில் செடி வேரூன்றுவதில்லை. செடி இல்லாத சரிவை மழை அரிக்கிறது. அரித்த இடத்தில் புதிய பாறை வெளிப்பட்டு, மறுபடியும் அமிலம் சுரக்கிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதுதான் மீட்புப் பணி.

சாலையே முதல் வேலை

பலரும் மரம் நடுவதில் தொடங்க நினைக்கிறார்கள். அனுபவம் சொல்வது வேறு. முதலில் கவனிக்க வேண்டியது பழைய சாலைகளை.

மலைச்சாலை அமைக்கும்போது உட்பக்கம் வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் தள்ளுவது வழக்கம். கனரக லாரிகள் ஓடியோடிச் சாலை இறுகிவிடுவதால் நீர் உள்ளே இறங்காது. மேலிருந்து வரும் மழைநீர் சாலையில் கால்வாய் போல ஓடி, ஏதோ ஓர் இடத்தில் ஒட்டுமொத்தமாகக் கீழே பாய்கிறது. அங்கே மண் சரிகிறது. பராமரிப்பு நின்றதும் சாலைக்கு அடியிலுள்ள குழாய்களும் அடைத்துக்கொள்கின்றன.

எனவே, தேவையற்ற சாலையின் இறுகிய தளத்தைப் புல்டோசரால் ஆழமாகக் கிளற வேண்டும். வெளிப்பக்கம் தள்ளிய மண்ணை மண்வாரி இயந்திரத்தால் இழுத்து, வெட்டிய பக்கத்தில் நிரப்ப வேண்டும். குழாய்களை அகற்றி ஓடைகளைப் பழைய வழியில் விட வேண்டும். கண்காணிப்புக்காக விட்டுவைக்கும் சாலையில் குறுக்கு வடிகால்கள் வேண்டும். சாலை செங்குத்தாக இருந்தால் அவை நெருக்கமாக அமைய வேண்டும்.

நீரைப் புறக்கணித்தால்

வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே, நீரூற்று இருந்த மலைச்சரிவில் நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்தார்கள். 1966 அக்டோபர் 21ஆம் தேதி அந்த மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. மாண்டவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

பச்சை மட்டும் போதாது

சரிவின் சாய்வைக் குறைக்க இயன்றால் அதுவே நல்லது. இயலாவிட்டால், மலேசிய நெடுஞ்சாலை ஓரங்களில் காண்பது போலப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் வடிகால் அமைக்கிறார்கள். அமிலப் பாறையின்மேல் சுண்ணாம்பு கலந்து, நல்ல மண்ணால் மூடுகிறார்கள். அதன் பிறகே புல்லும் மரமும்.

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம், நிலக்கரி வெட்டிய மலையை ஏறக்குறைய பழைய வடிவத்துக்கே கொண்டுவரச் சொன்னது. சரிவுக்கு அஞ்சி மண்ணை மேற்பரப்பு வரை இறுக்கிப் புல் விதைத்தார்கள். மலை பசுமையானது, ஆனால், மரங்கள் சரியாக வளரவில்லை. உட்பகுதி உறுதியாக இருக்கட்டும், மேலே சுமார் 4 அடி மண் மட்டும் தளர்வாக இருக்கட்டும் என்று ஆய்வாளர்கள் பின்னர் அறிவுறுத்தினார்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு நல்ல விதியும் உண்டு. சுரங்கம் தொடங்கும் முன்பே மீட்புச் செலவுக்கு நிறுவனம் உத்தரவாதத் தொகை கட்ட வேண்டும். இயந்திரமும் ஆட்களும் இருக்கும்போதே செய்யும் வேலைக்குச் செலவு குறைவு. எல்லாரும் போன பிறகு, அந்தச் சுமை வரி கட்டும் மக்களின் தலையிலும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவர்களின் தலையிலும் விழுகிறது.