அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் நியமனமும் பதவி உயர்வும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர் ஒருவர் இணைப் பேராசிரியராவதற்கு மேற்பதவியில் காலியிடம் தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் பணி மேம்பாட்டுத் திட்டப்படி, உரிய ஆண்டுகளும் ஆய்வுத் தகுதியும் நிறைந்தால் அவர் வகிக்கும் பணியிடமே அவரோடு உயர்கிறது. அதே நகரில் 1954இல் தொடங்கப்பெற்ற மதுரை மருத்துவக் கல்லூரியின் உதவிப் பேராசிரியருக்கு இவ்வாய்ப்பு இல்லை. பதவிப் பெயர் ஒன்றே. அதனை அடையும் வழி வேறு. இவ்வேறுபாட்டைக் கருதாமல் மருத்துவக் கல்லூரிகளின் ஆசிரியர் பற்றாக்குறையை விளக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நியமனம்

அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பெரும்பாலும் ஆசிரியராகவே பணியில் சேர்வதில்லை. 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் முதன்மையாகத் தேர்ந்தெடுப்பது உதவி மருத்துவர்களையே. அவ்வாறு தேர்வானவர் மேலூர்ப் பகுதியிலோ உசிலம்பட்டிப் பகுதியிலோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியைத் தொடங்கலாம். பணியில் இருந்தவாறே மேற்படிப்பு இடம் பெற்று, எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்த பின்னரே கலந்தாய்வின் வழி மருத்துவக் கல்வித் துறைக்கு வந்து உதவிப் பேராசிரியராகிறார். அரசுப் பணியிலுள்ள மருத்துவருக்கு மேற்படிப்பில் ஒதுக்கீடு வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 31.08.2020 அன்று தீர்ப்பளித்தது. இதனை மாணவர் சேர்க்கைச் சிக்கலாகவே நோக்குவது வழக்கம். நாளைய ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்பதையும் அத்தீர்ப்பு உறுதி செய்தது என்றே கொள்ளவேண்டும்.

தகுதியும் காலியிடமும்

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியராக 4 ஆண்டுகள் பணியாற்றி 2 ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டவர் இணைப் பேராசிரியராகத் தகுதி பெறுகிறார். மேலும் 3 ஆண்டுகள் கழித்து, மொத்தம் 4 கட்டுரைகளுடன் பேராசிரியர் தகுதியை எட்டுகிறார். ஏட்டுக் கணக்கில் இது 7 ஆண்டு. ஆனால் ஆணையம் வரையறுப்பது தகுதியை மட்டுமே. உயர்வை வழங்குவது மாநில அரசு. அரசோ பணிமூப்பின்படி துறைவாரியாகப் பெயர்ப்பட்டியல் வகுத்து, காலியிடம் உள்ள அளவிற்கே உயர்வளிக்கிறது. மூத்தவர் ஓய்வுபெற்றாலோ புதிய பணியிடம் தோற்றுவிக்கப்பட்டாலோ அன்றி அடுத்தவர் நகர இயலாது. எத்தனை கட்டுரை எழுதினாலும் இவ்வரிசை மாறுவதில்லை.

புதிய பணியிடங்கள் தோன்றாமல் இல்லை. 2012இல் சிவகங்கையிலும், 12.01.2022 அன்று திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளுள் அடங்கிய விருதுநகர், திண்டுக்கல், இராமநாதபுரம் ஆகியவற்றிலும் பேராசிரியர் பணியிடங்கள் உருவாயின. ஆகவே மதுரையில் இருப்பவருக்குப் பதவி உயர்வு ஆணை பல வேளைகளில் இடமாறுதல் ஆணையாகவும் அமைகிறது. இராமநாதபுரம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. குடும்பச் சூழலால் உயர்வுரிமையைத் தற்காலிகமாகத் துறப்பதற்கும் பணி விதிகளில் இடமுண்டு. அவ்வாறு ஒருவர் துறந்தால் அங்கே நாற்காலி காலியாகவே இருக்கும். ஆய்வுக்கு வரும் ஆணையம் அதனைப் பற்றாக்குறையாகக் கணக்கிடும்.

இராமநாதபுரம் காட்டும் முரண்

தோப்பூரில் 27.01.2019 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட மதுரை எய்ம்ஸ் நிறுவனத்தின் முதல் 50 மாணவர்களுக்கு 2022இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே வகுப்புகள் தொடங்கின. எய்ம்ஸ் ஆசிரியர் காலியிடத்திற்குக் காத்திருப்பதில்லை. உரிய பணிக்காலம் முடிந்ததும் மதிப்பீட்டுக் குழுவின் முன் நின்று, தேறினால் உயர்கிறார். ஒரே வளாகத்தில் ஒருவருக்கு மதிப்பீடு, மற்றவருக்கு மூப்பு. ஊதியத்தையாவது பதவியிலிருந்து பிரித்துக் காலமுறைப்படி உயர்த்தவேண்டும் என்பதே 2009ஆம் ஆண்டு அரசாணை 354ஐ ஒட்டிய கோரிக்கையின் உட்பொருள். 2019 அக்டோபர் இறுதியில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் அதுவே முன்னின்றது.

2025இல் வெளிவந்த புதிய விதிமுறைகள், 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனைகளில் 10 ஆண்டுகள் பணியாற்றிய சிறப்பு மருத்துவரை நேரடியாக இணைப் பேராசிரியராக ஏற்க வழிவகுத்துள்ளன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பணியாற்றும் அனுபவமிக்க மருத்துவர்கள் வகுப்பறைக்கு வருவது வரவேற்கத்தக்கதே. எனினும், அவர் பெயர் ஏற்கெனவே காத்திருக்கும் உதவிப் பேராசிரியர்களுக்கு முன் நிற்குமா, பின் நிற்குமா என்பது தகுதி விதியால் முடிவாவதன்று. மாநிலப் பணி விதிகளே அதனை வரையறுக்க வேண்டும்.