கார் திணறுகிறதா? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

மேம்பாலம் ஏறுகிறீர்கள். நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி ஒரு கணம் யோசிக்கிறது. பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இரண்டு மூன்று குலுக்கல். மெக்கானிக்கிடம் போனால், "மிஸ்ஸிங் இருக்கு, ப்ளக் மாத்திப் பார்ப்போம் சார்" என்கிறார். மாற்றுகிறீர்கள். அடுத்த வாரம் மீண்டும் அதே குலுக்கல். "பெட்ரோல் பம்ப்பா இருக்கலாம், மாத்திப் பார்ப்போம்." அதையும் மாற்றுகிறீர்கள். பணம் போனதுதான் மிச்சம். லாரியை ஓவர்டேக் செய்யும்போது வண்டி இப்படித் திணறினால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் இதழில் கார் ரிப்பேரா என்று கேட்காதீர்கள். உங்கள் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வண்டி எப்போது, எந்த வேகத்தில் திணறியது என்பதை அது குறித்து வைத்திருக்கக்கூடும். வீட்டில் இருக்கும் லேப்டாப்பால் அதைப் படித்துப் பார்க்கலாம்.

வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இதன் பெயர் இசியு. உங்கள் பிசிக்குக் கீபோர்டும் மவுஸும்போல இதற்குச் சென்சார்கள். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்து எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது ப்ளக்கில் பொறி விட வேண்டும் என்று இசியு முடிவு செய்கிறது. ஏதாவது ஒரு கணக்கு இடித்தால், அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்து நினைவில் வைத்துக்கொள்கிறது.

அந்த எண்ணை வெளியே எடுக்கத்தான் ஓபிடி என்ற சாக்கெட். 16 பின்கள் கொண்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல். இந்தியாவில் பிஎஸ்-4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஆகவே 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் கவலையே வேண்டாம். அதற்கு முந்தைய பல கார்களிலும் சாக்கெட் உண்டு. ஆனால் எல்லாத் தகவலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால் மெக்கானிக்கின் காதுதான் ஸ்கேனர்!

என்ன வாங்க வேண்டும்?

சாக்கெட்டில் செருகும் சிறிய அடாப்டர் ஒன்று போதும். கடைகளில் "இஎல்எம் 327" என்று கேளுங்கள். இது ஒரு கனடா நிறுவனம் வடிவமைத்த சிப்பின் பெயர். அந்த நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். சில நகல்கள் புதிய கார்களோடு நன்றாகப் பேசும். பழைய கார்களோடு பேச மறுக்கும். எனவே, வேலை செய்யாவிட்டால் திருப்பித் தரலாம் என்று உறுதி சொல்லும் கடையில் வாங்குங்கள்.

யுஎஸ்பி, புளூடூத், வைஃபை என்று மூன்று வகை உண்டு. லேப்டாப்புக்கு யுஎஸ்பி அல்லது புளூடூத் நல்லது. வைஃபை வகையில், அடாப்டரோடு இணைந்திருக்கும்போது லேப்டாப்பில் வழக்கமான வைஃபை இன்டர்நெட் இருக்காது.

அடாப்டரோடு குட்டி சிடி ஒன்று வந்தால் அதைத் தொடாதீர்கள். பழைய, திருட்டு சாஃப்ட்வேர்களும் சில சமயம் வைரஸும் அதில் இருக்கலாம். ஓபிடி சாஃப்ட்வேரை அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள். கோட் படிக்க இலவசப் பதிப்பே போதும்.

இணைப்பது எப்படி?

விண்டோஸ் 11, புளூடூத் அடாப்டர் என்று வைத்துக்கொள்வோம்.

1. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அடாப்டரைச் சாக்கெட்டில் செருகுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள்.

2. லேப்டாப்பில் செட்டிங்ஸ் சென்று, புளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதியில் ஆட் டிவைஸ் கிளிக் செய்யுங்கள். அடாப்டரின் பெயர் தெரியவில்லையா? அதே பகுதியில் டிவைசஸ் பக்கத்தில் புளூடூத் டிவைஸ் டிஸ்கவரி என்பதை அட்வான்ஸ்டு என மாற்றிவிட்டு மீண்டும் தேடுங்கள்.

3. பின் எண் கேட்டால் 1234 கொடுங்கள். ஏற்காவிட்டால் 0000.

4. மோர் புளூடூத் செட்டிங்ஸ் திறந்து, காம் போர்ட்ஸ் என்ற டேபில் அவுட்கோயிங் என்று காட்டும் போர்ட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. ஓபிடி சாஃப்ட்வேரில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து கனெக்ட் கொடுங்கள்.

யுஎஸ்பி அடாப்டர் என்றால் டிரைவர் நிறுவிய பிறகு டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற வரியில் எண் தெரியும்.

காரோடு நேரடியாகப் பேசலாம்!

ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு விளையாட்டு. ஓபிடி சாஃப்ட்வேரை மூடிவிட்டு, புட்டி என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்து, சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, போர்ட் எண்ணைக் கொடுங்கள். யுஎஸ்பி என்றால் வேகம் 38400 கொடுத்துப் பாருங்கள். 0105 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். "இன்ஜின் எவ்வளவு சூடு?" என்று இதற்குப் பொருள். சில நொடிகளில் 41 05 82 என்பதுபோல் பதில் வரும். முதல் இரண்டும் "நீ கேட்டதற்குப் பதில் இதோ" என்பது. கடைசியில் உள்ள 82 ஹெக்ஸ் எண். 8-ஐ 16-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டினால் 130. அதில் 40 கழித்தால் 90. இன்ஜின் 90 டிகிரி செல்சியஸில் இருக்கிறது! ஓபிடி சாஃப்ட்வேரும் திரைக்குப் பின்னால் இதைத்தான் செய்கிறது.

கோட் என்ன சொல்கிறது?

சாஃப்ட்வேரில் கோட் படிக்கும் பட்டனை அழுத்தினால் பி0302 என்பதுபோல் ஒன்று வரலாம். பி என்றால் இன்ஜின், கியர் சார்ந்தது. 03 என்றால் பொறி அல்லது எரிப்பு சார்ந்த பிரச்சினை. கடைசி 02, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று சொல்கிறது. பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி மிஸ்ஸிங். பி0171 என்றால் காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லை.

கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியையும் பாருங்கள். கோட் பதிவான நொடியில் எடுத்த புகைப்படம் மாதிரி அது. வேகம் 42 கிமீ, 1600 சுற்று, இன்ஜின் சூடு 88, லோடு 82 சதவீதம் என்று இருந்தால், இன்ஜின் சூடானபின் மெதுவான சுற்றில் அதிகப் பாரம் இழுக்கும்போது திணறியிருக்கிறது என்று பொருள். நம் மேம்பாலம்தான்! அந்த நிலையில் ப்ளக்கில் பொறி உண்டாக அதிக வோல்டேஜ் தேவை. பலவீனமான காயிலும் தேய்ந்த ப்ளக்கும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். கோடையும் இந்த எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் அழிக்கும் பட்டனைத் தொடாதீர்கள். அழித்தால் எல்லாமே போய்விடும்.

கோட் வேறு, குற்றவாளி வேறு

பலர் தவறுவது இங்கேதான். பி0302 வந்ததும் புதுக் காயில் வாங்க ஓடுகிறார்கள். புகார் எந்த வீட்டிலிருந்து வந்தது என்றுதான் கோட் சொல்கிறது. தப்பு செய்தது யார் என்று சொல்லவில்லை. காயில், ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் நான்கில் எது கெட்டாலும் அதே கோட் வரலாம்.

பிசியில் ராம் கெட்டுவிட்டதா என்று எப்படிப் பார்ப்போம்? ஸ்லாட் மாற்றிப் போட்டுப் பார்ப்போம். இங்கும் அதே வித்தைதான். ஒவ்வொரு ப்ளக்கின் மேலும் தனிக் காயில் உள்ள வண்டி என்றால், இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு அதே மேம்பாலத்தில் ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி காயில்தான். தைரியமாக வாங்கலாம். மீண்டும் பி0302-தான் என்றால் காயில் நிரபராதி. அடுத்து ப்ளக்குகளை மாற்றிப் போடுங்கள். அப்போதும் கோட் நகரவில்லை என்றால் இன்ஜெக்டரையும் கம்ப்ரெஷனையும் மெக்கானிக் சோதிக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை!

கோடே வராவிட்டால்?

வண்டி குலுங்குகிறது, கோட் இல்லை. அப்போது லைவ் டேட்டா பகுதிக்குச் செல்லுங்கள். பழைய கார்களில் தகவல் மெதுவாகத்தான் வரும். பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தால் கிராஃப் தாவித் தாவி ஓடும். மூன்று நான்கு போதும்.

ஆக்சிலரேட்டர்: இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, த்ராட்டில் பொசிஷன் கிராஃபைப் பாருங்கள். பெடலை மெதுவாக மிதியுங்கள். கோடு சீராக ஏற வேண்டும். நடுவில் திடீரென விழுந்து எழுந்தால் அந்த சென்சார் மீது சந்தேகப்படலாம்.

சூடு: இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலண்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 28, மற்றது 70 என்றால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

ஃப்யூல் ட்ரிம்: கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறேன், குறைக்கிறேன் என்று இசியு சொல்லும் சதவீதம் இது. பிளஸ் அல்லது மைனஸ் 10-க்குள் இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை. ஐட்லிங்கில் பிளஸ் 20 காட்டி, 2500 சுற்றில் 5-க்கு இறங்கினால் எங்கோ ஒரு ரப்பர் ஹோஸில் விரிசல் வழியாகக் காற்று நுழைகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகமாக ஓட்டும்போது ஏறினால் ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், அல்லது காற்றளக்கும் சென்சாரில் அழுக்கு.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதவை

முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் அதிர்கிறதா? கிளட்சைப் பாருங்கள். பெடலை அழுத்தி விடும்போதெல்லாம் "டக்" என்று தட்டுகிறதா? இன்ஜின் மவுன்டிங் போயிருக்கலாம். இவற்றுக்குச் சென்சார் இல்லை, கோடும் வராது.

கவனம்!

* ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும், அல்லது பதிவு செய்துவிட்டு நின்றபின் பாருங்கள்.

* காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். கழற்றும் முன் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, சூடு ஆறவிடுங்கள். பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கை வைத்தே இடம் மாற்றுங்கள்.

* செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கடுமையான மிஸ்ஸிங். எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையே நாசமாக்கும். அது காயிலைவிடப் பல மடங்கு விலை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

* வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றுங்கள். சாவியை எடுத்த பின்னும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். நாள் கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கிவிடலாம்.

இவ்வளவும் மெக்கானிக்கை மடக்குவதற்காக அல்ல. "வண்டி ஜெர்க் அடிக்குது" என்று சொல்வதற்குப் பதில், "சூடானபின் 1600 சுற்றில் இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகுது, காயிலை மாத்திப் போட்டேன், கோட் கூடவே போயிருச்சு" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷப்படுவார். "மாத்திப் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது!