கீழ்ப்படியில் கற்ற ஆசிரியர்

பனிக்கட்டித் தரையின்மீது சறுக்குக் காலணி பூண்டு, பக்கத்துக்கு அறுவராய் நின்று, வளைகோலால் ரப்பர் வட்டினைச் செலுத்தி ஆடுவது ஐஸ் ஹாக்கி. வட அமெரிக்காவில் இதற்குத் தலையாயது தேசிய ஹாக்கி லீக். அதன்கீழ்ச் சிறு லீக்குகள் பல உள. அக்கீழ்ப்படியிலேயே பெரும்பாலும் ஆடிய புரூஸ் பூட்ரோவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1955-இல் டொராண்டோவிற் பிறந்த இவர், 1974-75 பருவத்தில் இளைஞர் லீக்கில் 165 புள்ளிகள் ஈட்டினார். ஆயினும், பெரிய லீக்கில் இவர் ஆடியவை 141 ஆட்டங்களே. பயிற்றாசிரியரானபோதும் சிறு லீக்கிலேயே தொடங்கினார். 2006-இல் இவர் பயிற்றிய ஹெர்ஷி பேர்ஸ் கழகம் கால்டர் கோப்பையை வென்றது.

2007 நவம்பரில், கடைநிலையில் வாடிய வாஷிங்டன் காப்பிட்டல்ஸ் கழகம் இவரை அழைத்தது. ஹெர்ஷி அக்கழகத்தின் துணைக்கழகமாதலால், இவரிடம் முன்னரே பயின்ற இளைஞர் சிலர் அங்கிருந்தனர். எஞ்சிய 61 ஆட்டங்களில் 37 வென்று, அக்கழகம் தன் பிரிவில் முதலிடம் எய்தியது. சிறந்த பயிற்றாசிரியர்க்குரிய ஜாக் ஆடம்ஸ் பரிசு 2008-இல் இவரைச் சார்ந்தது.

ஸ்டான்லி கோப்பை மட்டும் இவர்க்கு எட்டவில்லை. எனினும், தமக்கு நிலையாக வாய்க்காத அரங்கில் பிறரை நிலைபெறச் செய்ததே இவரது வெற்றியென நாம் கருதுகின்றோம்.