கணக்குப் போட்ட குதிரை

ஐந்தும் ஏழும் எத்தனை என்று கேட்டதும், வலது முன்னங்காலால் பன்னிரண்டு முறை தரையைத் தட்டி நிறுத்தும் குதிரையைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தெய்வப் பிறவி என்று சிலர் கும்பிடுவீர்கள். எல்லாம் ஏமாற்று வித்தை என்று சிலர் சிரிப்பீர்கள். இரண்டுமே தவறு!

1904ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெர்லின் நகரமே அந்தக் குதிரையைப் பற்றித்தான் பேசியது. அதன் பெயர் ஹான்ஸ். சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்ற ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கரும்பலகை வைத்து, ரொட்டியும் கேரட்டும் கொடுத்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது போலப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் ஒரு காசு வாங்கியதில்லை. ஏமாற்றுக்காரன் காசு வாங்காமல் இருப்பானா? அவர் இல்லாத நேரத்தில் வேறு ஆட்கள் கேட்டாலும் குதிரை சரியாகவே தட்டியது. சர்க்கஸ்காரர், கால்நடை மருத்துவர், ஆசிரியர்கள் என்று பலர் அடங்கிய ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, தந்திரம் எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தது.

அதன் பிறகுதான் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற இளைஞர் வந்தார். மனிதரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வது மனோதத்துவம். அந்தத் துறையில் படித்துக் கொண்டிருந்தவர் அவர். அவர் குதிரையைப் பார்த்து வியக்கவுமில்லை, வாத்தியாரைச் சந்தேகிக்கவுமில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்.

முதலில், கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். வாத்தியார் குதிரையின் காதில் ஓர் எண்ணைச் சொல்வார். ஃபுங்ஸ்ட் இன்னோர் எண்ணைச் சொல்வார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டு என்றால் குதிரை திணறியது! கேட்பவர் கண்ணில் படாதபடி கண்மறைப்புக் கட்டினாலும் அதே கதைதான். ஆக, விடை குதிரையின் தலைக்குள் இல்லை, எதிரே நிற்கும் மனிதரிடம் இருக்கிறது.

இப்போது அவர் குதிரையை விட்டுவிட்டு மனிதர்களைக் கவனித்தார். கேள்வி கேட்டதும், காலைப் பார்ப்பதற்காக எல்லாரும் தலையைச் சற்றே குனிகிறார்கள். சரியான எண்ணிக்கை வந்ததும் தலை மயிரிழை அளவு நிமிர்கிறது. அதைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்தியது. தலை அசைந்தது வாத்தியாருக்கே தெரியாது. விஷயம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டினாலேயே அந்த அசைவை அடக்க முடியவில்லையாம்! 1907இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார். பாவம், வாத்தியார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1909இல் காலமானார்.

இன்றும் மனோதத்துவ ஆராய்ச்சிக்கு அடிப்படை இவைதான்: கவனித்துப் பார்ப்பது, பலரிடம் கேட்டு எழுதுவது, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிப்பது. மூன்றாவதுதான் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும். மழைக்காலத்தில் கடையில் குடையும் அதிகம் விற்கிறது, லயத்தில் பிள்ளைகளுக்குச் சளியும் பிடிக்கிறது. அதற்காகக் குடைதான் சளியைக் கொண்டு வந்தது என்போமா?

குதிரைக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் ராபர்ட் ரோசந்தால் என்ற பேராசிரியர் 1963இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். எல்லாம் ஒரே மாதிரியான எலிகள். சில மாணவர்களிடம் "இவை கெட்டிக்கார எலிகள்" என்றும், மற்றவர்களிடம் "இவை மந்தம்" என்றும் சொல்லிக் கொடுத்தார். வழி கண்டுபிடிக்கப் பழக்கியபோது, கெட்டிக்காரப் பெயர் பெற்ற எலிகளே நன்றாகக் கற்றன. நம்பியவர்கள் அவற்றை அன்போடு கையாண்டிருந்தார்கள். பிறகு 1968இல், பள்ளிப் பிள்ளைகளிடமும், முக்கியமாகச் சிறு வகுப்புகளில், இப்படி நடப்பதாக அவரும் லெனோர் ஜேக்கப்சனும் எழுதினார்கள். அவ்வளவு பெரிய வித்தியாசம் வராது என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதம் வெகுகாலம் நடந்தது.

வித்தியாசம் சிறிதாகவே இருக்கட்டும். "இவன் மக்கு, இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளையின் காதுபடப் பேசுகிற வீடுகள் நம் தோட்டங்களில் இல்லையா? வாயால் சொல்லாவிட்டாலும் நம் முகம் சொல்லிவிடும். ஒரு குதிரைக்கே புரிந்த முகக்குறிப்பு, பெற்ற பிள்ளைக்குப் புரியாதா?

அரசாங்கத் தேர்வில் நம் பிள்ளைகள் விடைத்தாளில் எண் போடுகிறார்களே, அதிலும் ஃபுங்ஸ்டின் யோசனை போன்ற ஒன்று இருக்கிறது. எழுதியது யார் பிள்ளை, எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. புதிய மருந்தைச் சோதிக்கும்போதும், எது உண்மையான மாத்திரை, எது வெறும் மாவு மாத்திரை என்று சாப்பிடுகிற நோயாளிக்கும் சொல்வதில்லை, கொடுக்கிற டாக்டருக்கும் சொல்வதில்லை.